40 மணித்தியாலத் தொண்டு: சைவப் பிள்ளையை எங்கே அனுப்புவது?

கேள்வி: ஸ்காபரோ அம்மா

மகன் ஸ்காபரோவில் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலை ஒன்றில் தரம் 10 படிக்கிறான். நாங்கள் சைவர்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் படிப்பை முடிக்க 40 மணித்தியாலச் சமூகத்தொண்டு எந்தப் பாடசாலைப் பிள்ளைக்கும் கட்டாயம் என்பது தெரியும். இவனுடைய சமயபாட ஆசிரியை அதற்கு மேலும் கேட்கிறார்: யாருக்குச் செய்தாய், அவரிடமிருந்து என்ன கற்றாய் என்று ஒரு பக்கம் எழுதி வரவேண்டும். உறவினர் ஒருவர், தன் கடையில் நின்றதாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. கோயில் மடைப்பள்ளியில் உதவினால் ஏற்றுக்கொள்வார்களா? தேவாலயத்தோடு சேர்ந்த இடத்துக்கு அனுப்பினால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று மாமி பயப்படுகிறார்.

பதில்: வின்சென்ட் சபைத் தொண்டர்

தங்கச்சி, கடைக் கையெழுத்தை மறுத்தது மிகவும் சரி. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலை எப்படியும் கணக்கில் வராது. வீட்டு வேலையும் வராது. கோயில் அன்னதானத்தைப் பற்றி வழிகாட்டல் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் எங்கள் தேவாலயப் பங்கில், ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான புனித வின்சென்ட் டி போல் சபையில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அப்பாவும் இருந்தார். 1833 இல் பாரிஸில் இதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரடெரிக் ஒசானம் அப்போது 20 வயது மாணவர். ஏழைகளின் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். நாங்களும் இருவர் இருவராக வீடு தேடித்தான் போகிறோம். உதவி கேட்பவரின் சமயத்தைக் கேட்பதில்லை. அண்மையில் கட்டில் கொண்டுபோய்க் கொடுத்த வீட்டுச் சுவரில் பிள்ளையார் படம்தான் இருந்தது. மாமியிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் மகனுக்கு நான் சொல்லும் இடம் முதியோர் பராமரிப்பு இல்லம். மறதிநோய் வந்த எங்கள் ஆச்சிமார் சிலருக்கு, பின்னாளில் கற்ற ஆங்கிலம் போய்விடுகிறது, தமிழ் மட்டும் நிற்கிறது. தேத்தண்ணீர் ஆறிவிட்டது என்று சொல்லக்கூட ஆளில்லாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனது கொதிக்கும். தடக்கித் தடக்கித் தமிழ் கதைக்கும் ஒரு பிள்ளை அங்கே எவ்வளவு தேவை தெரியுமா? ஒரே இல்லத்துக்கு, ஒரே நாளில், கிழமைதோறும் போகட்டும். ஐந்து இடங்களில் எட்டு எட்டு மணித்தியாலமாகச் சேர்த்தாலும் படிவம் நிரம்பும். ஆனால் எங்கும் ஒருவருக்கும் அவன் பெயர் தெரிந்திருக்காது. ஆசிரியை கேட்கிற அந்தப் பக்கத்தில் அவன் யாரைப் பற்றி எழுதுவான்?

பதில்: முன்னாள் மாணவி

அக்கா, நானும் சைவம், கத்தோலிக்கப் பாடசாலையில்தான் படித்தேன். நான் முடித்த ஆண்டில் பெருந்தொற்றுக்காக 40 ஐ 20 ஆகக் குறைத்திருந்தார்கள். 20 முடிந்த பிறகும் உணவு வங்கிக்குப் போனேன். தகரப் பேணிகளின் திகதி பார்த்துப் பிரிப்பது, குழந்தைப் பால்மாவைத் தனியே எடுத்து வைப்பது என்று வேலை இருந்துகொண்டே இருந்தது. மதமாற்றப் பேச்சு ஒருநாளும் வரவில்லை. பைபிளில் மத்தேயு 25 ஆம் அதிகாரத்தை ஆசிரியர் அடிக்கடி வாசிப்பார்: பசித்தவருக்கு உணவு கொடுப்பது, நோயாளியைப் பார்க்கப் போவது. அம்மம்மாவிடம் சொன்னேன். "இதைத்தானே நாங்களும் சொல்லி வளர்த்தோம்" என்றார்.

முதியோர் இல்லம் என்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். காசநோய்ப் பரிசோதனை கேட்கும் இல்லங்கள் உண்டு, அதற்கு நாள் எடுக்கும். போகும் ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கை எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். பொறுப்பாளர் மாறிவிட்டால் பிறகு அலைய வேண்டிவரும்.

ஸ்காபரோ அம்மா

அண்ணா, தங்கச்சி, இருவருக்கும் நன்றி. வீட்டுக்கு அருகிலுள்ள இல்லத்தோடு கதைத்துவிட்டேன். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஆள் தேவையாம். அங்கே ஓர் ஆச்சிக்குத் தேவாரம் வாசித்துக்காட்ட யாராவது வந்தால் நல்லது என்றும் பொறுப்பாளர் சொன்னார். மகனுக்குச் சிறிய எழுத்து வாசிக்கக் கடினம். பெரிய எழுத்தில் அச்சான தேவாரப் புத்தகம் ஸ்காபரோவில் எங்கே வாங்கலாம்?