நிக்கோடிமஸ் ஓர் ஊர்தானா?

கேள்வி: அமெரிக்காவின் கான்சாஸ் மாநில வரைபடத்தில் நிக்கோடிமஸ் என்று போட்டிருக்கிறது, ஆனால் தனி நகராட்சி கிடையாதாம். அப்படியென்றால் அதை ஊர் என்று சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாங்க. நிர்வாகம் கிரஹாம் கவுன்டியிடம் (நம்மூர் மாவட்டம் மாதிரி), அவ்வளவுதான். நெடுஞ்சாலை 24-ல் போனபோது அங்கே இறங்கி நடந்திருக்கிறேன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் கென்டக்கியிலிருந்து வந்து 1877-ல் உருவாக்கிய ஊர் அது. மரம் அரிதான புல்வெளி என்பதால் மண்ணைத் தோண்டிக் குழிக்குள் குடியிருந்தார்கள். முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் என்ற அமெரிக்கப் பழங்குடி வேட்டைக்காரர்கள்தான் உணவு கொடுத்து உதவினார்கள். அந்த வெட்டவெளியில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கேள்வி கேட்டவர்: அப்புறம் ஏன் சுருங்கியது?

பதில்: 1888-ல் ரயில் பாதை சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது, கடைக்காரர்களும் அதன் பின்னாலேயே போனார்கள். 2020 கணக்கெடுப்பில் 14 பேர்.

இன்னொருவர்: ஜூலைக் கடைசியில் போங்கள். விடுதலை விழாவுக்கு வம்சாவளியினர் ஊர் திரும்புவார்கள்.