முதுகுளத்தூர் பக்கம் பழைய ஜமீன் ரெக்கார்டு தேடினவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, எங்க பூர்வீகம் முதுகுளத்தூர் பக்கம் ஒரு சின்ன கிராமம், அய்யாவோட அப்பாவுக்கு மேல யார் பேரும் வீட்டுல யாருக்கும் தெரியல. நிலத்தை வச்சு புடிக்கலாம்னு பாத்தா இது ராமநாதபுரம் ஜமீன் ஊரு, 1948 எஸ்டேட் (ஜமீன்) ஒழிப்பு சட்டத்துக்கு அப்புறம்தான் சர்க்கார் செட்டில்மெண்டே (நிலத்தை அளந்து வரி நிர்ணயிக்கிறது) வந்துச்சு, தாலுகா ஆபீஸ் 'அ' பதிவேடு (சர்வே நம்பர் வாரியா நில விவரம் எழுதின புக்கு) அதுக்கு முன்னாடி போகாது. 1910 வரைக்கும் ராமநாதபுரம்னு தனி ஜில்லாவும் கெடையாது, அப்போ எழும்பூர் ஆவணக் காப்பகத்துல மதுரை ஜில்லா கட்டுலதான் தேடணுமா? பழைய ஜமீன் கணக்கு, பட்டா, முச்சிலிக்கா (குடியானவங்க ஜமீனுக்கு எழுதிக் குடுத்த ஒப்பந்தம்) எல்லாம் இப்ப எங்க இருக்கு, நம்மள மாதிரி ஆளுங்கள பாக்க விடுவாங்களா? குலசாமி கோயில் பூசாரி வீட்டுல ஓலை இருக்குன்னு அத்தை சொல்றாங்க (அத்தை சொன்னா பாதிதான் நம்பணும்), பழைய எழுத்து படிக்கத் தெரிஞ்சவங்க மதுரை பக்கம் யாராவது இருந்தா இன்பாக்ஸ் வாங்க ப்ளீஸ்.