கிரீன் சர்க்கிளில் சைக்கிளுக்கு இடம் உண்டா?

காட்பாடிக்காரன்:
தினமும் காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரிக்கு காரில் போய் வருகிறவன் நான். நேற்று இரவு ஏழரை மணி இருக்கும். பாலாற்றுப் பாலம் இறங்கி, வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்புக்குச் சற்று முன்னால், நின்றிருந்த டவுன் பஸ்ஸை ஒட்டி ஒரு சைக்கிள் எதிரும் புதிருமாக என் முன்னால் வந்து நின்றது. விளக்கு இல்லை. ஓட்டியவர் கருநீலச் சட்டை. பிரேக்கை அழுத்தியதில் பின்னால் வந்த ஆட்டோக்காரர் என்னைத்தான் திட்டினார். சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேட்கிறேன், காலையிலும் மாலையிலும் நெரிசல் நேரத்தில் அந்த இடத்தில் சைக்கிளைத் தடை செய்தால் என்ன? லைசென்ஸ் கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது, ரோடு டாக்ஸ் கிடையாது. ரோடு மட்டும் வேண்டும்!

சேண்பாக்கத்தார்:
ரோடு டாக்ஸ் பேச்சை முதலில் முடித்துவிடலாம். வண்டி வாங்கும்போது நீங்கள் கட்டியது வாகன வரி. அது மாநில அரசின் கஜானாவுக்குப் போகிறது. நம் தெருக்களைப் போடும் மாநகராட்சிக்கு சொத்துவரி வருகிறது, அரசு நிதி வருகிறது. வீட்டு வாடகையிலும் சோப்பு வாங்குவதிலும் அந்த சைக்கிள்காரரும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்னொன்று. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சாலை போட்டு, அதன்மேல் லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அதில் கிடைத்த விதிப்படி, அச்சின்மேல் எடை இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் பதினாறு மடங்கு. ஆளோடு சேர்த்து 90 கிலோ சைக்கிளையும் 1,200 கிலோ காரையும் அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். கார் ஒருமுறை போவது சைக்கிள் முப்பதாயிரம் முறை போவதற்குச் சமம். தோராயக் கணக்குதான், ஆனால் யார் யாருக்கு டாக்ஸ் பாக்கி என்று புரியும்.

காட்பாடிக்காரன்:
கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது சார். நானும் ஒரு கணக்குச் சொல்கிறேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 14 மீட்டர் போய்விடும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி. அதற்குள் 21 மீட்டர் தாண்டியாகிவிட்டது. பிரேக் அதற்கு அப்புறம்தான் வேலையையே ஆரம்பிக்கும். லைட் இல்லாமல் கருநீலச் சட்டையில் வருகிறவரை எத்தனை மீட்டரில் நான் பார்ப்பேன்?

டைனமோ தாத்தா:
தம்பி, சைக்கிளுக்கு லைசென்ஸ் இருந்த காலத்தில் ஓட்டினவன் நான். நகராட்சியில் காசு கட்டினால் ஒரு தகர வில்லை கொடுப்பார்கள், அதை சைக்கிளில் மாட்ட வேண்டும். இரவில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனாலும் பிடிக்கும். ஃபைன் கட்டக் காசில்லை என்றால் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டு, தள்ளிக்கொண்டு போ என்பார்கள். விளக்கை எரிய வைக்கிற டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தால் மிதிக்கவே முடியாது, எதிர்க்காற்றில் போகிற மாதிரி இழுக்கும். ஆனாலும் போட்டோம். விளக்கு விஷயத்தில் நீ சொல்வது நியாயம். ஆனால் அந்தக் காலத்திலும் ரோட்டுக்கே வராதே என்று எந்தப் போலீஸ்காரரும் சொன்னதில்லை.

ஆரணி ரோடு அக்கா:
என் பெண் ப்ளஸ் ஒன் சேர்ந்தபோது அரசு கொடுத்த சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். "ஓரமாப் போ" என்று சொல்லாத ஆள் கிடையாது. அந்த ஓரத்தை யாராவது இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் மணல். அதற்கடுத்து ரோட்டை விட நான்கு விரல் உயரத்துக்கு எழும்பி நிற்கிற பாதாளச் சாக்கடை மூடி. அதைத் தாண்டினால் வரிசையாக நிற்கும் கார்கள்.

போன மாதம் அப்படி நின்ற ஒரு காரில் கண்ணாடியைப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டார் ஒருவர். கதவின் முனை ஹேண்டில்பாரில் பட்டு, முன்சக்கரம் மடங்கி, இவள் ரோட்டுப் பக்கம் விழுந்தாள். பின்னால் வந்த பஸ் மெதுவாக வந்ததால் பிழைத்தாள். சோற்று டப்பா உருண்டு ரோட்டின் நடுவுக்கே போய்விட்டது. இறங்கி வந்தவர் முதலில் குனிந்து பார்த்தது கதவில் கீறல் விழுந்திருக்கிறதா என்றுதான்.

அதிலிருந்து, நிற்கிற வண்டியிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளி ஓட்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி ஓட்டினால் பின்னாலிருந்து ஹாரன். வழியை மறிக்கிறாளாம். வழியை மறிப்பது அவளா, காலையிலிருந்து நிற்கிற அந்தக் காரா?

லோடு ஆட்டோ:
அக்கா சொல்றது சரி. ஆனா ஸ்கூல் விடற நேரத்துல மூணு சைக்கிள் ஜோடி சேர்ந்து கதை பேசிட்டே வர்றதையும் கொஞ்சம் சொல்லுங்க. நான் லெஃப்ட் திரும்பும்போது இடது பக்கமா உள்ள நுழையறாங்க. லோடு ஏத்தியிருந்தா எனக்கு அந்தப் பக்கம் சுத்தமா தெரியாது. இண்டிகேட்டர் போட்டிருந்தா தயவு செஞ்சு பின்னாடியே நில்லுங்க. அவ்வளவுதான்.

சேண்பாக்கத்தார்:
அண்ணன் சொன்னதை எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தர வேண்டும். நிஜமாகவே.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். விடியற்காலையில் கியர் சைக்கிளில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு கும்பலாகப் போகிறவர்களைப் பார்த்து யாரும் ஹாரன் அடிப்பதில்லை. "ஃபிட்னஸ்" என்கிறோம், போட்டோவுக்கு லைக் போடுகிறோம். அதே ரோட்டில் எட்டு மணிக்கு டீ கேனை மாட்டிக்கொண்டு வருகிறவரும், நைட் டியூட்டி முடிந்து வரும் வாட்ச்மேனும்தான் "இடைஞ்சல்". காட்பாடிக்காரர் கேட்கிற தடை யார்மேல் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

காட்பாடிக்காரன்:
ஏழை பணக்காரன் என்று எதற்கு இழுக்கிறீர்கள்? சட்டத்திலேயே வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்தில், பிரிவு 138-ல் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். சாலைப் பாதுகாப்புக்காக, மோட்டார் இல்லாத வண்டிகளும் நடந்து போகிறவர்களும் நெடுஞ்சாலை போன்ற இடங்களுக்கு வருவதை ஒழுங்குபடுத்த மாநில அரசு விதி போடலாம்.

சேண்பாக்கத்தார்:
போடலாம்தான். தடை போட்ட பிறகு கோசப்பேட்டைக்காரர் காட்பாடிக்கு எப்படிப் போவார்? நடுவில் பாலாறு கிடக்கிறது. பாலம் ஏறித்தான் ஆக வேண்டும், பாலத்துக்குப் போக கிரீன் சர்க்கிளைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தனிப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் வராதே என்றால் கேட்கலாம். ஆனால் 2022-ல் நின்றிருந்த பைக்கைக்கூட நகர்த்தாமல் அதன் சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் ரோடு போட்ட ஊர் நம்முடையது. தனிப் பாதைக்கு நான் காத்திருக்கத் தயாரில்லை.

இன்ஷூரன்ஸ் கேட்டீர்களே. தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸைச் சட்டம் உங்கள்மேல் கட்டாயமாக்கியதே, உங்கள் வண்டி இடித்தால் ஆள் போய்விடுவார் என்பதால்தான். அந்தத் தேர்ட் பார்ட்டி இந்த சைக்கிள்காரர். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் இழப்பீடு உண்டு. இது நிறையப் பேருக்குத் தெரியாது, அதனால் சொல்லி வைக்கிறேன்.

டைனமோ தாத்தா:
விளக்குக்கு வருவோம். இப்போது டைனமோ தேட வேண்டாம். பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர், இரண்டு பெடலிலும் மஞ்சள் ரிஃப்ளெக்டர். பெடல் மேலும் கீழும் போவதால் சைக்கிள் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். லாரிக்கு ஒட்டுகிற பளபளப்பு டேப்பைத் துண்டாக வாங்கி ஃபோர்க்கில் சுற்றினாலும் போதும். பேட்டரியே வேண்டாம்.

ஆரணி ரோடு அக்கா:
ஐயா, பெடலில் இருந்தது உடைந்துபோய் நாளாகிறது. இன்றைக்கே மாற்றச் சொல்கிறேன். அந்த டேப் எந்தக் கடையில் கிடைக்கும்?

லோடு ஆட்டோ:
லாரி ஸ்பேர்ஸ் விக்கற எந்தக் கடையிலயும் இருக்கும்க்கா. சிவப்பைப் பின்னாடி ஒட்டுங்க, வெள்ளையை முன்னாடி. மாத்தி ஒட்டிடாதீங்க.

காட்பாடிக்காரன்:
இதை எல்லாரும் செய்தால் தடை பேச்சே நான் எடுக்க மாட்டேன். ஆனால் ராங் சைடில் எதிரே வருவதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு என்ன சமாதானம் சொல்வீர்கள்?

சேண்பாக்கத்தார்:
சமாதானம் இல்லை, காரணம் இருக்கிறது. டிவைடரில் அடுத்த இடைவெளி எங்கே என்று பாருங்கள். காரில் நீங்கள் அதைச் சுற்றி வர ஒரு பாட்டு முடியாது. ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்கு, பின்னால் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு மிதித்து ஒருமுறை சுற்றி வாருங்கள், அப்புறம் பேசலாம்.

காட்பாடிக்காரன்:
நம்ம ஊர் ஏப்ரலில் இரண்டு மணிக்கு ஏசி இல்லாமல் நான் காரிலேயே வர மாட்டேன் சார். ஆனாலும் ராங் சைடு ராங் சைடுதான். இடைவெளி வேண்டும் என்று மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை இறங்கித் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.