குதிக்கிற மாதிரி கனவு வந்தால் என்ன அர்த்தம்?

நீலவானம்:
இரண்டு மாதத்தில் நாலு தடவை ஒரே கனவு. உயரமான சுவரின் விளிம்பில் நிற்கிறேன், கீழே இருப்பது தண்ணீரா தரையா என்று தெரியவில்லை, குதித்துவிடுகிறேன், கீழே போய்ச் சேர்வதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது. பயமே இல்லை. வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போகலாமா என்று யோசிக்கிற நேரம் இது. கனவுப் பலன் சொல்லும் ஒரு பக்கத்தில் பார்த்தால், உயரத்திலிருந்து குதித்தால் துணிந்து முடிவெடு என்று போட்டிருக்கிறது. எடுத்துவிடலாமா?

மறுகேள்வி:
இதை வைத்து வேலையை விடாதீர்கள், தயவுசெய்து. கண்ணயரும் நேரத்தில் உடம்பு தூக்கிவாரிப் போடுவது நிறையப் பேருக்கு உண்டு. தசை சட்டென்று வெட்டி இழுக்கும், விழுந்துவிட்டோம் என்று தோன்றும், அவ்வளவுதான். நடு இரவில் வருகிற கனவு வேறு. 1953இல் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற தூக்க ஆய்வாளர்கள் எழுதிய ரெம் என்ற தூக்கக் கட்டத்தில் கண் வேகமாக அசையும், கை கால் தசைகளோ தளர்ந்து கிடக்கும், மூளை மட்டும் முழு வேகத்தில் ஓடும். மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் சைகைகளை வைத்து மூளையின் மேல்பகுதி ஒரு கதை கட்டுகிறது, அதுதான் கனவு என்று 1977இல் ஹாப்சன், மெக்கார்லி என்ற மனநல மருத்துவர்கள் சொன்னார்கள். அப்படிக் கட்டிய கதையிடம் போய் வேலையை விடட்டுமா என்று கேட்பீர்களா?

பழையநோட்டு:
சரி, சைகை எங்கிருந்தோ வரட்டும். கதை கட்டுவது அவருடைய மூளைதானே, அவருடைய நினைவுகளை வைத்துத்தானே? என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த சமயத்தில் பல நாள் எனக்கு ஒரு பள்ளத்தைத் தாண்டுகிற கனவு வந்தது, ஒவ்வொரு முறையும் கால் தரையைவிட்டு எழும்பவே எழும்பாது. அவர் தேறி வீட்டுக்கு வந்தபிறகு அது நின்றுபோனது. பலன் பட்டியலை நானும் நம்பவில்லை. ஆனால் 2ஆம் நூற்றாண்டில் கனவு நூல் எழுதிய ஆர்ட்டெமிடோரஸ்கூட, கனவு கண்டவர் யார், என்ன தொழில், எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டுதான் பலன் சொல்ல வேண்டும் என்றார். ஒரே குதிப்பு இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்காது.

மறுகேள்வி:
அங்கேதான் எனக்குச் சிக்கல். பறப்பது, விழுவது போன்ற கனவுகளை, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு, சின்ன வயதில் பெரியவர்கள் நம்மைத் தூக்கிப்போட்டுப் பிடித்த விளையாட்டோடு சேர்த்தார். நீங்கள் கவலையோடு சேர்க்கிறீர்கள். நீலவானம் பார்த்த கனவுப் பலன் பக்கம் துணிச்சல் என்கிறது. மூன்றில் எது தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படியும் தப்பாகவே முடியாத விளக்கத்தை நான் விளக்கமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் அம்மா தேறியதும் நீங்கள் நன்றாகத் தூங்க ஆரம்பித்திருப்பீர்கள், கனவு நின்றதற்கு அதுவே போதும்.

அமைதிக்கரை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நீலவானம், விழித்திருக்கும்போதும் குதித்துவிடலாம் என்று தோன்றுகிறதா? அப்படியென்றால் இது கனவைப் பற்றிய பேச்சே இல்லை, இன்றைக்கே நெருங்கிய ஒருவரிடமோ மருத்துவரிடமோ சொல்லிவிடுங்கள்.

நீலவானம்:
இல்லை, அப்படி எதுவும் இல்லை, கேட்டதற்கு நன்றி.

பழையநோட்டு:
அப்படியென்றால் நான் ஒன்று கேட்கிறேன். குதிப்பதை விடுங்கள். குதிப்பதற்கு முன்னால் அந்தச் சுவர்மேல் என்ன நடக்கிறது?

நீலவானம்:
இப்போதுதான் ஞாபகம் வருகிறது, பின்னாலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. படிக்கப் போகிற விஷயத்தை வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அதுவாக இருக்குமோ?

பழையநோட்டு:
எனக்கு அப்படித்தான் படுகிறது. வேலையை விடு என்று அந்தக் கனவு சொல்லவில்லை, நீங்கள் இன்னும் பேசாத ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது.

மறுகேள்வி:
வீட்டில் பேசுங்கள், அது எப்படியும் நல்லது. ஆனால் அந்தக் குரல் முதல் பதிவில் இல்லை, நாம் கேட்டபிறகு வந்தது. திரும்பச் சொல்லும்போதெல்லாம் ஞாபகம் கொஞ்சம் மாறும், அதிலும் கனவு விழித்த சில நிமிடங்களிலேயே கரைந்துபோகிற சரக்கு. குரல் கனவில் இருந்ததா, இந்த உரையாடலில் முளைத்ததா என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

நீலவானம்:
உண்மைதான், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தலையணை பக்கத்தில் பேனாவும் தாளும் வைத்துவிட்டேன். அடுத்த முறை வந்தால் எழுதிவிட்டுத்தான் இங்கே வந்து சொல்வேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன்.