மறு: ஊராரின் ‘ஹிட் பாயிண்ட்’ – உயிர்ப்புள்ளியா, தாங்கெண்ணா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் கதையாட்டங்களில், ஒருவர் எவ்வளவு அடி தாங்குவார் என்பதைக் காட்டும் எண்தான் ‘ஹிட் பாயிண்ட்’. வீரர் அல்லாத ஊராரை மனத்தில் வைத்து அதற்குத் ‘தாங்கெண்’ என்று நான் சொன்னதற்கு வந்த மறுப்புகளுக்கு இது பதில்.

> ‘உயிர்ப்புள்ளி’ என்றால் எல்லாருக்கும் சட்டெனப் புரியும். புதுச்சொல் எதற்கு?

புரியும், தவறாகப் புரியும் என்பதே என் தயக்கம். உயிர் என்று பெயரிட்டுவிட்டால், அந்த எண் சுழியமானதும் ஆள் இறந்தாக வேண்டும். வீரர்களுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. அவர்களிடம் புள்ளி நிறைய இருக்கிறது. கொல்லர், குயவர், சத்திரக்காரர் என்று வரும்போதுதான் கோணலாகிறது.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் சாதாரண மனிதனுக்கு ஓர் அறுமுகப் பகடையை உருட்டி வருவதே புள்ளி. எந்த ஆயுதம் பட்டாலும் சேதமும் ஓர் அறுமுகப் பகடைதான். கணக்குப் போட்டால், பட்ட அடி பன்னிரண்டில் ஏழு முறை ஆளை வீழ்த்தும். வாள்வெட்டுக்கு இது பொருத்தமே.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு ஊராருக்கு நான்முகப் பகடையைக் கொடுத்தது. பட்ட அடி எவ்வளவு மெலிதானாலும் குறைந்தது ஒரு புள்ளி சேதம் என்றும் வைத்தது. வீட்டுப் பூனைக்கு இரண்டு நகக்கீறல், ஒரு கடி. ஒரே சுற்றில் மூன்று தாக்குதல். மூன்றும் பட்டால் பலசரக்குக் கடைக்காரரின் கதை முடிந்துவிடலாம். இதை வைத்து ஆட்டக்காரர்கள் செய்யும் கேலிக்கு இன்றும் குறைவில்லை.

2014 பதிப்பில் ஊராருக்குச் சராசரி 4 புள்ளி, பூனைக்கு ஒரே கீறல். பூனை அடங்கிவிட்டது, கூரை அடங்கவில்லை. பத்தடி உயரத்திலிருந்து விழுந்தால் ஓர் அறுமுகப் பகடை சேதம். 4, 5, 6 எது விழுந்தாலும் கூரை வேய்பவர் சுழியத்துக்கு வந்துவிடுகிறார். கால் தவறுகிறவர்களில் பாதிப் பேர் சாவார்கள் என்றால் அந்த ஊரில் யார் ஏணி ஏறுவார்கள்?

> அப்படியானால் எண்ணைப் பத்து, பன்னிரண்டு என்று உயர்த்திவிடலாமே.

வேண்டாம். அதே பதிப்பில் காவலருக்கே 11தான். துணி வியாபாரியும் அதே அளவு தாங்குவார் என்றால் காவலரை ஏன் நியமிக்க வேண்டும்? ஊரார் வலிமை ஏற ஏற, ஊரைக் காக்க வெளியிலிருந்து வீரர்களை அழைக்கும் கதையும் நொண்டியாகிறது.

எண் சிறிதாக இருப்பதால் ஊர் கையாலாகாததாகிவிடாது. கவச எண் (அடி பட, பகடையில் எட்ட வேண்டிய எண்) 18 உள்ள முதல்நிலைப் போர்வீரனை எட்டுப் பேர் தடியோடு சூழ்ந்தால், நான்கில் ஓர் அடி படும். சுற்றுக்குச் சராசரி ஐந்தாறு புள்ளி சேதம். அவனிடம் இருப்பது 12 சொச்சம். அவனும் சுற்றுக்கு ஒருவரைச் சாய்ப்பான் என்றாலும், சந்தையில் வம்புக்கு இழுப்பதற்கு முன் யோசிக்க வேண்டிய கணக்குதான் இது.

ஆகவே 4 அப்படியே இருக்கட்டும். மாற வேண்டியது சுழியத்தின் பொருள். ஆட்டக்காரரின் பாத்திரம் சுழியத்தில் மயங்கி விழுகிறது; பிழைக்குமா என்று பகடை உருட்டுகிறோம். மற்றவர்கள் உடனே இறப்பது பெரும்பாலும் ஆட்ட நடத்துநரின் வசதிக்காகத்தான். அந்த மயக்கத்தை ஊராருக்கும் கொடுத்தால் கூரையிலிருந்து விழுந்தவர் பிழைக்க வழி உண்டு; வாளுக்கு முன் அவர் நிற்க முடியாததும் மாறவில்லை.

இந்த எண் வெறும் சதைக்கணக்கு அல்ல, தேர்ச்சியும் நற்பேறும் சேர்ந்தது என்று கைகாக்ஸே 1979இல் எழுதிவிட்டார். உழவருக்கு எண் குறைவு என்பதற்கு, வெட்டை வாங்காமல் விலகிப் பழகாதவர் என்று பொருள். மெலிந்தவர் என்று பொருளல்ல. அதனால்தான் ‘தாங்கெண்’ என்கிறேன். உடலால் தாங்குவதும் சாமர்த்தியத்தால் தாங்குவதும் அதில் அடங்கும். 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டத்தில் இந்த எண் பெரும்பாலும் உடல்வாகிலிருந்து வருகிறது. அனுபவம் கூடுவதால் ஏறிக்கொண்டே போவதில்லை. அங்கும் தாங்கெண் பொருந்தும்.

> ‘திராணி’?

அருமையான சொல். ஆனால் உடலுரத்தைக் குறிக்கும் பண்புக்கு அது தேவைப்படும். இங்கே செலவழித்துவிட வேண்டாம்.

ஆட்களைக் குறிக்க ‘சுழிநிலையர்’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். பழைய பதிப்புக்குச் சரி. மூன்றாம் பதிப்பில் ஊராரும் அனுபவத்தால் முதல்நிலை, இரண்டாம்நிலை என்று ஏறுகிறார்கள். அங்கே பெயரே பொய்யாகிவிடும். ‘பாமரர்’ என்றால் கல்லாதவர் என்ற சாயல் ஒட்டிக்கொள்கிறது. கணக்கெழுதும் வணிகரும் இந்த வகையில்தான் வருகிறார். ‘ஊரார்’ போதும்.

----

மறுமொழி:

ஐயா, பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒரு தடை. ‘அணு எண்’ போல ‘எண்’ என்று முடிந்தால் மாறாத ஒன்று என்று தோன்றாதா? இது ஒவ்வோர் அடிக்கும் குறைகிறதே. ‘தாங்களவு’ என்றால் என்ன?

----

‘தாங்களவு’ என்பதைப் படித்ததும் யாரோ என்னை மரியாதையாக விளித்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்! உங்கள் தடை நியாயமானது. அடை சேர்த்துச் சமாளிக்கலாம்: தொடக்கத்தில் இருப்பது முழுத் தாங்கெண், அடிபட்டபின் மீதி, எஞ்சிய தாங்கெண். சுழியத்துக்கு வருவது ‘சாய்தல்’. இறப்பு அதற்குப் பிறகு, தனி விதிப்படி. மந்திரத்தால் சிறிது நேரம் கூடுதலாகக் கிடைத்து, காயத்துக்கு முதலில் கரையும் புள்ளிகளுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘மிகைத் தாங்கெண்’ எனக்கு உவப்பாக இல்லை. யாராவது தோன்றியதை எழுதுங்கள்.