கான்பெராவில் 100 டாலர் அபராதம், அரசு வேலைக்குத் தடையாகுமா?

வணக்கம். கான்பெராவில் இருக்கும் என் அக்கா மகனிடம் அரை கிராம் கொக்கெயின் இருந்ததென்று போலீஸ் 100 டாலர் அபராதச் சீட்டு கொடுத்திருக்கிறது. 2023 அக்டோபர் 28 முதல் அங்கே சொந்தப் பயன்பாட்டுக்கான சிறு அளவுக்கு இதுதான் சட்டம். கொக்கெயினுக்கு வரம்பு ஒன்றரை கிராம். பணம் கட்டலாம், அல்லது போதை ஆலோசனைக்குப் போகலாம். சரி, அது முடிந்துவிடும்.

கவலை வேறு. அவன் நீதித்துறை வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறான். வேலைக்குத் தொடர்பில்லாத குற்றப் பதிவைக் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று அங்கே 1991ஆம் ஆண்டுப் பாகுபாடு தடைச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் எப்படி? விண்ணப்பத்தில் அபராதத்தைச் சொல்ல வேண்டுமா? அந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள், ஆள் தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பையனைத் திட்ட வேண்டாம், அக்கா ஏற்கெனவே உடைந்துபோயிருக்கிறாள். தனிச்செய்தியில் எழுதினாலும் போதும்.