ஸ்காரா பிரே: சுவரை உயர்த்தலாமா, வேண்டாமா?

கடலோடி: ஸ்காட்லாந்தின் வடகோடியில், ஆர்க்னி தீவுக்கூட்டத்தின் மெயின்லாந்து என்ற பெரிய தீவில் சாண்ட்விக் என்றொரு பாரிஷ், அதாவது ஊர்ப் பிரிவு. அதன் மேற்குக் கரையில், ஸ்கெயில் விரிகுடாவை ஒட்டி ஸ்காரா பிரே இருக்கிறது. சுமார் 5000 ஆண்டுப் பழைய ஊர், கிசா பிரமிடுகளுக்கும் மூத்தது. 1850-இல் ஒரு புயல் மணல்மேட்டைப் பிய்த்தபோது வெளிப்பட்டது. 1924-இல் இன்னொரு புயல் ஒரு வீட்டின் பகுதியை அடித்துக்கொண்டு போன பிறகுதான் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரை உயர்த்தி, இரு பக்கமும் நீட்ட வேண்டும் என்கிறேன்.

மண்வாசனை: சுவரில் மோதும் அலை அங்கேயே அடங்கிவிடாது நண்பரே. சுவர் முடிகிற இடத்தில்தான் கரை அதிகம் அரிபடுகிறது. நீட்டினால் அரிப்பு அடுத்த முனைக்குப் போகும், அவ்வளவுதான். அந்த மக்கள் வாழ்ந்தபோது கடல் இவ்வளவு பக்கத்தில் இல்லை. விரிகுடாவே பிறகு கடல் கரையை அரித்து உள்ளே வந்ததால் உண்டானதுதான்.

கடலோடி: அதற்காகக் கைவிட முடியுமா? குனிந்து நுழையும் தாழ்ந்த வாசல், நடுவில் அடுப்பு, இரு பக்கமும் கற்பலகைக் கட்டில்கள், வாசலுக்கு எதிரே இரண்டு தட்டு வைத்த கல் அலமாரி. மரம் அரிதான தீவில் வீட்டுச் சாமானைக்கூடக் கல்லிலேயே செய்திருக்கிறார்கள். வீட்டைச் சுற்றி அவர்களே குவித்த குப்பைமண்தான் குளிருக்கு அரண். இதைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தால் வெறும் கல்தானே மிஞ்சும்?

தொல்லியல்_பித்தன்: நீங்கள் இருவரும் ஓர் இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அதே பாரிஷில், யெஸ்னபி பாறைமுகட்டுக்குப் பக்கத்தில் போர்விக் புரோக் இருக்கிறது. அந்த இரும்புக்கால வட்டக் கோபுரத்தின் கடல்பக்கம் ஏற்கெனவே சரிந்துவிட்டது. அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? பக்கத்துத் தீவு ரவுசேயில், ஸ்வாண்ட்ரோவில், அலை அரிக்க அரிக்கத் தோண்டிப் பதிவு செய்கிறார்கள். காசு அங்கே போகட்டும்.

கடலோடி: 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய களத்தில் ஸ்காரா பிரேயும் ஒன்று. மக்கள் வருவதும் இதைப் பார்க்கத்தான்.

மண்வாசனை: 2019-இல் நடந்த காலநிலை மதிப்பீடு அதே பாரம்பரியக் களத்தை மிகக் கடுமையான ஆபத்து வகையில் வைத்ததே! சரி, இருக்கிற சுவரைப் பழுது பார்க்கட்டும், மறுக்கவில்லை. உயரம் மட்டும் வேண்டாம். பித்தன் சொன்ன அகழ்வுக்கு என் ஓட்டு.

கடலோடி: பழுதுபார்ப்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். உயரத்தில் இல்லை.